மஞ்சப்பையிலிருந்து கோப்புக்கு: காவிரிச் சமவெளியில் தாள் யாரிடம் இருந்தது?

எங்கள் தெருவில் இந்த ஆண்டு மூன்று பிள்ளைகளுக்கு அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மூவருமே அவரவர் வீட்டில் கல்லூரிப் படியேறும் முதல் ஆள். அதில் ஒரு பிள்ளை எனக்கு மகள் முறை. போன வாரம் சாயந்திரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஜவுளிக்கடை மஞ்சப்பை. திண்ணையில் உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள். டிசி, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் ஜெராக்ஸ், வங்கிப் புத்தகம் எல்லாம் விழுந்தன. கூடவே அம்மாவின் நூறு நாள் வேலை அட்டையும், எப்போதோ வாங்கிய மருந்துச் சீட்டும்.

"பெரியப்பா, காலேஜ்ல அஞ்சு பேப்பர்னு சொல்றாங்க. ஒவ்வொண்ணுக்கும் தனி நோட்டா, இல்ல எல்லாத்துக்கும் ஒரே நோட்டா? இதையெல்லாம் எதுல வச்சுக்கறது?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவள் அம்மா சொன்னார்: "எங்க வூட்ல காயிதத்த வச்சுக் காபந்து பண்ணவங்க யாரு இருக்கா, இதுக்குச் சொல்லிக் குடுக்க?"

அந்த வார்த்தை இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. நோட்டுகளை எப்படி அடுக்குவது என்று சொல்லித்தரப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடப் பாடம் நம் வீடுகளில் ஏன் இல்லாமல் போனது என்று சொல்ல, தஞ்சையின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைத் தொட வேண்டியிருக்கிறது. தோழர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். கடைசியில் கோப்பைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன்.

கல்லில் இருந்தோம், எழுதும் கையில் இல்லை

தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. ராஜராஜன் அந்தக் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கு அதன் சுவர்களிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் வரி இல்லாத நிலங்கள் எவை என்று ஒரு பட்டியல் வரும். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று போகும் அந்த வரிசையில் பறைச்சேரியும் இருக்கிறது, தீண்டாச்சேரி என்ற சொல்லும் இருக்கிறது. தஞ்சை மண்ணில் நம் குடியிருப்பு எழுத்தில் ஏறியது இப்படித்தான். குளத்தோடும் சுடுகாட்டோடும் சேர்த்து அளக்கப்பட்ட இடமாக ஏறினோம். அளந்தவர்களும் எழுதியவர்களும் வேறு ஆட்கள்.

சோழர் காலத்திலேயே மனிதர்கள் விற்கப்பட்டதற்கும், பஞ்சத்தில் தங்களைத் தாங்களே கோயிலுக்கு விற்றுக்கொண்டதற்கும் கல்வெட்டுகள் உண்டு. அந்த ஆவணத்துக்கு 'ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு' என்று பெயர். 'இசைவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். விற்கப்பட்டவன் இசைந்தான் என்று விற்பனைச் சீட்டே சொல்கிறது. அவனுக்கு அதைப் படிக்கத் தெரியுமா என்று கேட்க யாரும் இல்லை.

தஞ்சை 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை மீது ஒருவர் கோரும் உரிமையை இனி எந்த நீதிமன்றமும் நிலைநாட்டாது என்று சொன்னது. ஆளோலை செல்லாமல் போயிற்று. அந்த இடத்துக்குக் கடன் சீட்டு வந்தது. மகன் கல்யாணத்துக்குப் பண்ணையில் நெல்லோ பணமோ வாங்கிக் கைநாட்டு வைத்தால், அந்தக் கடன் தீரும்வரை குடும்பமே பண்ணையாள். கடன் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்ற கணக்கு மிராசுதார் வீட்டு நோட்டில் இருந்தது. நம் பக்கம் ஒரு நோட்டும் இல்லை. எதிர்க்கணக்கு வைக்க ஆள் இல்லாத இடத்தில் கடன் எப்படித் தீரும்?

கர்ணம் வீட்டுப் பெட்டி

ஊருக்கு ஒரு கர்ணம் இருந்தார். சிட்டா, அடங்கல், புலப்படம் எல்லாம் அவர் பொறுப்பு. எந்த வயல் யார் பேரில் இருக்கிறது, அதில் என்ன பயிர் என்பது அவர் எழுதுவதுதான். அந்த வேலை அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். கணக்கு எழுதும் வித்தையும், கணக்கு அடுக்கும் வித்தையும், பழைய கணக்கு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற அறிவும் சேர்ந்தேதான் போகும். அந்த வீட்டுப் பையனுக்குத் தாள்களை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் அதைப் பார்த்தே வளர்ந்தான்.

நமக்கென்று சட்டம் வந்தபோதும் தாள் குறுக்கே நின்றது. 1952இல் தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று ஆனதும், மிராசுதார்கள் பலர் அவர்களைத் தினக்கூலி என்று மாற்றிச் சட்டத்துக்கு வெளியே தள்ளினார்கள். 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. தலைமுறையாக வாய்மொழிக் குத்தகையில் உழுதவன், தான் உழுததைக் காட்டத் தாள் தேட வேண்டியிருந்தது. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். குற்றவாளிகள் என்று கீழ் நீதிமன்றம் சொன்ன நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வெண்மணிக்குப் பிறகு 1971இல்தான், நிலவுடைமையாளர் மண்ணில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்தது. அதுவரை நம்மில் பலருக்கு, தான் பிறந்த குடிசை தனக்குச் சொந்தம் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

1980இல் பரம்பரைக் கர்ணம் பதவி தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார், அரசுத் தேர்வு எழுதி வருகிறவராக. இன்று டெல்டாவில் பல ஊர்களில் அந்த நாற்காலியில் பண்ணையாளின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பெட்டியின் சாவி கை மாறியிருக்கிறது. அந்தக் கை மாற்றத்துக்குப் பின்னால் கல்லூரி இருக்கிறது, கல்லூரிக்குப் பின்னால் உதவித்தொகை இருக்கிறது.

பள்ளிக்கூடம் நமக்கு எப்போது வந்தது?

கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854இல் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் கல்லூரியானது. 1904இல் அங்கே உதவித்தொகையோடு சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் அந்தத் தொகையை இழந்தார். அவரும் ஏழைதான். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றியவர். ஆனால் அந்த நோட்டுகள் காக்கப்பட்டன. அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, 1976இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவருடைய கடைசிக்காலத் தாள்கள் ஒரு பெட்டியில் கிடைத்தன. கணித உலகம் இன்றைக்கும் அதைப் படித்துக்கொண்டிருக்கிறது. ராமானுஜன் மேல் எனக்குக் காய்மகாரம் இல்லை. தாளைக் காப்பாற்றிவைக்க ஒரு சமூகமும் ஒரு நூலகமும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே காலத்தில் நம் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? 'பஞ்சமர்' கல்விக்கென்று சென்னை மாகாண அரசு தனி ஆணை போட்டதே 1893இல்தான். கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். கோயிலுக்குள் போக முடியாத நந்தனின் பெயரில், அந்தக் கோயில் இருக்கும் ஊரிலேயே நம் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். அங்கே எழுதப் பழகியவர்கள்தான் இந்தப் பக்கத்தில் நம்மில் பலருக்கு முதல் ஆசிரியர்கள்.

பள்ளிக்கு மேலே படிக்க 1944இல் வழி பிறந்தது. வைசிராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் இருந்தபோது, அவர் வற்புறுத்தலால் பட்டியல் சாதி மாணவர்களுக்கு மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை தொடங்கப்பட்டது. இன்று நம் தெருப் பிள்ளை கல்லூரி அலுவலகத்தில் நிரப்பிக் கொடுக்கும் விண்ணப்பத்தின் தாய் அதுதான்.

பாபாசாகேபின் தாள்களுக்கு நேர்ந்தது

உதவித்தொகை நின்றால் படிப்பு என்னவாகும் என்பது அம்பேத்கருக்குத் தெரியும். பரோடா உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா போனார், 1916இல் லண்டன் போனார், 1917இல் தொகை முடிந்து பாதிப் படிப்பில் திரும்பினார். அவர் சேர்த்திருந்த புத்தகங்களும் தாள்களும் வேறொரு கப்பலில் வந்தன. முதல் உலகப் போரில் அந்தக் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. 1920இல் மறுபடி லண்டன் போய், மறுபடி உட்கார்ந்து எழுதிப் பட்டங்களை வாங்கினார்.

அவர் 1956இல் மறைந்த பிறகும் அவருடைய தாள்களுக்கு நிம்மதி இல்லை. அச்சேறாத கையெழுத்துப் பிரதிகள் வழக்கிலும் பெட்டிகளிலும் கிடந்தன. டெல்லியில் அவர் வாழ்ந்த வீட்டின் அறைகள் 1967இல் காலி செய்யப்பட்டபோது, முற்றத்தில் போடப்பட்ட தாள்கள் மழையில் நனைந்து வீணாயின. மிஞ்சியதைத் திரட்டி மகாராட்டிர அரசு 1979இலிருந்து தொகுதிகளாக வெளியிட்டது. இன்று நாம் மேற்கோள் காட்டும் அம்பேத்கர் எழுத்தில் ஒரு பகுதி, யாரோ பெட்டியில் போட்டுப் பூட்டிவைத்ததால் நமக்குக் கிடைத்தது. நனைந்துபோனதில் என்ன இருந்தது என்பது போனது போனதுதான்.

என் முதல் பருவம்

நான் கல்லூரியில் சேர்ந்தது ஒரு ஜூன் மாதம். மேட்டூர் திறப்பதும் கல்லூரி திறப்பதும் ஏறக்குறைய ஒரே சமயம். குறுவை நடவு. அம்மா நடவுக்குப் போனார், நான் நாற்று முடி தூக்கப் போனேன். கட்டணத்துக்கு அந்தக் கூலி வேண்டியிருந்தது. முதல் மூன்று வாரம் பாதி நாள் வகுப்பில் இல்லை.

போனபோது ஒன்றைப் பார்த்தேன். கூடப் படித்த சிலரிடம் வகுப்பு தொடங்கும் முன்பே நோட்டு இருந்தது. அண்ணன் படித்தது, மாமா மகன் படித்தது, பக்கத்து வீட்டு வாத்தியார் கொடுத்தது. மூன்று ஆண்டுப் பாடமும் பழைய வினாத்தாளும் கட்டாக இருந்தது. பேராசிரியர் சொல்வதை அவர்கள் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் எழுதிக்கொண்டிருந்தேன். நிலம் மாதிரி, நோட்டும் பரம்பரைச் சொத்து என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கேட்டால் சிலர் தந்தார்கள். சிலர் "வீட்டில் இருக்கிறது" என்றார்கள். அந்த வீடு நான் போகக்கூடிய தெருவில் இல்லை.

எல்லாப் பாடத்தையும் ஒரே நீள நோட்டில் எழுதினேன். பொருளாதாரத்துக்கு நடுவே தமிழ், தமிழுக்கு நடுவே ஆங்கிலம். தேதி போடவில்லை. ஐப்பசி மழையில் கூரை ஒழுகி நோட்டு நனைந்தது. மை பரவி எழுத்து எழுத்தாக இல்லை. நவம்பரில் தேர்வு. இரண்டு தாளில் தோற்றேன்.

என்னோடு விடுதியில் இருந்த நண்பன் என்னை விட நன்றாகப் படிப்பான். அவன் வருமானச் சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தது. புதிதாக வாங்கி அலுவலகத்தில் கொடுத்தான். வாங்கிய எழுத்தர் ரசீது தரவில்லை, இவனும் கேட்கவில்லை, நகலும் எடுக்கவில்லை. பட்டியல் போனபோது அவன் தாள் இல்லை என்றார்கள். பெயர் விடுபட்டது. இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ஒரு ஜெராக்ஸுக்கு ஆகும் காசில் தப்பியிருக்க வேண்டிய படிப்பு அது.

இரண்டு கோப்பு

ஆகவே மகளுக்கு நான் சொன்னதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். கோப்பு இரண்டு வேண்டும், இரண்டும் தனித்தனியாக.

முதல் கோப்பு அரசுக்கும் அலுவலகத்துக்கும் காட்ட. டிசி, மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் மூலத்தோடு ஐந்து நகல். கடைசி நகலைக் கொடுக்கும் நாளிலேயே மறுபடி எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, டிஜிலாக்கரிலும் போட்டுவைக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் நிரந்தரமானது. வருமானச் சான்றிதழ் அப்படி இல்லை, காலம் முடியும் தேதியைக் கோப்பின் அட்டையிலேயே பெரிதாக எழுதிவையுங்கள். உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய்.

மூலச் சான்றிதழ் விதைநெல் மாதிரி. காட்டலாம், கையை விட்டு விடக்கூடாது. சரிபார்த்துவிட்டு மூலத்தைத் திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2018இல் அறிவித்திருக்கிறது. எதைக் கொடுத்தாலும் ஒப்புகை கேளுங்கள். தர மறுத்தால், கொடுத்த தேதி, கொடுத்த மேசை, வாங்கியவர் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அதே கோப்பில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து 'வரவே இல்லை' என்று சொல்லும் வாய்க்கு அந்தத் தாள்தான் பதில். அதற்கு மேலும் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.

இரண்டாவது கோப்பு பாடத்துக்கு. ஒரு தாளுக்கு ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் பாடத்திட்டத்தை ஒட்டிவிடுங்கள். ஐந்து அலகுகளில் எது முடிந்தது, எது பாக்கி என்று பார்த்த உடனே தெரியும். ஒவ்வொரு நாளும் தேதியும் அலகும் பக்க எண்ணும் போட வேண்டும். வராத நாளுக்கு இரண்டு பக்கம் காலியாக விட்டு, யாரிடம் வாங்கி எழுத வேண்டும் என்று குறித்துவையுங்கள். நடவுக்கோ அறுப்புக்கோ போன நாள் என்றால் அதையும் எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அன்றைய பாடத்தை அன்று இரவே நாலு வரியில் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள். எழுத வராத இடம்தான் புரியாத இடம். மறுநாள் பேராசிரியரிடம் கேட்க வேண்டியது அதைத்தான். பழைய வினாத்தாள்களைத் தாள் வாரியாகச் சேர்த்துப் பின்னால் கோத்துவிடுங்கள்.

இரண்டு கோப்பும் தரையில் இருக்கக்கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கூரை போன வீடுகளை நான் நேரில் பார்த்தேன். பிள்ளைகள் சோற்றுப்பானையைத் தேடவில்லை, சான்றிதழைத் தேடினார்கள். நம் முதல் பருவத் தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகத்தான் வரும். ஐப்பசிக்கு முன்பே கெட்டியான பிளாஸ்டிக் பை, மூடியுள்ள தகரப்பெட்டி, உயரமான பரண் மூன்றையும் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் பிள்ளைகள் முதல் கோப்புக்குக் கொடுக்கும் கவனத்தை இரண்டாவதுக்குக் கொடுப்பதில்லை. அதில் அவர்கள் தப்பு இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்துவார்கள் என்ற பயம் நமக்குள் ஊறியிருக்கிறது. முதல் கோப்பில் இருப்பது நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதியது: இன்ன சாதி, இவ்வளவு வருமானம், இன்னாருடைய மகள். ராஜராஜன் காலத்திலிருந்து அப்படி எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டாவது கோப்பில் இருப்பது நாம் எழுதியது. உள்ளே போக அது உதவும், உள்ளே நிற்க இது வேண்டும்.

மூன்றாண்டு முடிந்ததும் அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். நம் தெருவில் ஒரு படிப்பகம் இருந்தால் அங்கே வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அதே பாடத்தில் சேரும் பிள்ளையிடம் கொடுங்கள், எந்தத் தெருப் பிள்ளையாக இருந்தாலும் சரி. எனக்குக் கிடைக்காத அந்தப் பழைய நோட்டுக் கட்டு நம் தெருவிலும் ஒன்று இருக்கட்டும்.

மகள் இப்போது இரண்டு கோப்பு வாங்கிவிட்டாள், ஒன்று நீலம், ஒன்று பச்சை. பச்சையின் அட்டையில் பெயர், பாடம், ஆண்டு எல்லாம் எழுதிவிட்டு, "பெரியப்பா, கீழ தம்பி பேரையும் எழுதட்டுமா? அவன் இப்ப ஒன்பதாவதுதான்" என்று கேட்டாள்.

எழுதச் சொன்னேன்.

ஜெய் பீம்.